கோடாலிக்குப் பிடி

தரம் 10 மாணவர்களுக்கு வருடந்தோறும் நான் கொடுக்கும் கட்டுரைத் தலைப்புகளுள் ஒன்று 'சுயதொழில்'. ஏறத்தாழ 20 வருடங்களாக அந்தக் கட்டுரைகளைத் திருத்தி வருகிறேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். முதற் பந்தியில் அரச தொழிலை எதிர்பார்த்துக் காத்திருப்பதன் தீமை. இரண்டாவதில் மூலதனம், மூன்றாவதில் பயிற்சி, நான்காவதில் விடாமுயற்சி. முடிவில், நாமும் சொந்தக் காலில் நிற்போமாக என்ற பிரார்த்தனை. எழுத்துப் பிழை இல்லாவிட்டால் நானும் தாராளமாகப் புள்ளி வழங்குவேன். அந்தக் கட்டுரைகளில் ஒரு பந்தி குறைகிறது என்பதை நான் கண்டுகொண்டது 2022ஆம் ஆண்டில், எனது தங்கையின் கணக்குக் கொப்பியைத் திறந்து பார்த்த ஒரு வெள்ளிக்கிழமையில்தான்.

குறைந்துபோன அந்தப் பந்தியைப் பற்றியதே இக்கட்டுரை. வீட்டில் இருந்தபடி தனி ஆளாக ஒரு தொழிலைத் தொடங்குகிறவரின் மனதில் நடப்பது என்ன? அந்தப் பாரத்தில் மற்றவர்களுக்குப் பங்குண்டா? உண்டென்றால் அது எத்தகைய பங்கு? பொருளியல் படித்தவர்கள் எழுத வேண்டிய விடயம் இது என்று சிலர் எண்ணக்கூடும். எனக்கோ இது ஒழுக்கம் சார்ந்த கேள்வியாகவே படுகிறது. ஏனெனில், இதில் ஒரு பிழை நடந்தது. அந்தப் பிழையைச் செய்தவன் நான்.

தங்கையின் கணவர் 2021இன் தொடக்கத்தில் மௌத்தானார். நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து எழுந்தபோது அவளிடம் இருந்தவை இரண்டு பிள்ளைகள், கிழக்கிலங்கை வழமைப்படி உம்மாவும் வாப்பாவும் அவளுக்கென்று கட்டிக் கொடுத்த வீடு, நான்கு காப்புகள், கலியாணத்துக்கு முன்னர் ஆறு மாதம் படித்த தையல் ஆகியவைதாம். இரண்டு காப்புகளை விற்று, மோட்டார் பூட்டிய தையல் மெஷின் ஒன்றை வாங்கினாள். மண்டபத்து யன்னலோரத்தில் மெஷின் வைக்கப்பட்டது. அபாயாவும் பாடசாலைச் சீருடையும் தைப்பதென்று முடிவாயிற்று.

மெஷின் வந்த அன்று நான் அவளுக்கு ஒரு சிறிய உரை நிகழ்த்தினேன். பயப்படக் கூடாது என்றேன், துணிந்தவனுக்குத் துக்கமில்லை என்றேன், அல்லாஹ் பறக்கத் செய்வான் என்றேன். அதன் பின்னர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து அவளுடைய வீட்டுக்குப் போவேன். பிளேன்டி குடித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்பேன்: "இந்தக் கிழமை எவ்வளவு வந்தது?" அவள் ஒரு தொகையைச் சொல்வாள். மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு எழும்பி வருவேன். எனது கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

2022 எப்படிப்பட்ட வருடம் என்பதை வாசகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. அதற்கு முன்னரே, 2021 ஒக்டோபரில், 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ சமையல் எரிவாயு 2,675 ரூபாவாகியிருந்தது. 2022 ஏப்ரலில் அது 4,860 ரூபாவாயிற்று. மார்ச் 31ஆம் திகதி மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. மோட்டார் மெஷினுக்கு முன்னால் தங்கை கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். பாடசாலை ஆண்டு பின்தள்ளிப் போனது. பிறகு எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளே மூடப்பட்டன. பாடசாலை இல்லாதபோது சீருடை எவருக்கு வேண்டும்? அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. நூல்கட்டை, ஊசி, பொத்தான் எல்லாம் விலையேறின. ஆயினும் வெள்ளிக்கிழமைகளில் அவள் சொன்ன தொகை பெரிதாகக் குறையவில்லை. கெட்டிக்காரி என்று வீட்டில் மனைவியிடம் பெருமைப்பட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் குசினியில் இருந்தாள். மெஷினின் மேல் அவளுடைய சீ.ஆர். கொப்பி கிடந்தது. ஆசிரியரின் கை, கொப்பியைக் கண்டால் சும்மா இருக்காது. திறந்தேன். திகதி, பெயர், தைத்த உடுப்பு, வந்த காசு என்று ஒழுங்காகக் கோடு போட்டு எழுதியிருந்தாள். என்னிடம் சொன்ன தொகைகளுக்கும் கொப்பியில் இருந்த தொகைகளுக்கும் சம்பந்தம் இருக்கவில்லை. சில கிழமைகளில் சொன்னதில் அரைவாசிகூட வந்திருக்கவில்லை. ஒரு கிழமையில் வெறும் கோடு மட்டும் இருந்தது.

"ஏன் புள்ள சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"காக்கா, நீங்க கேக்கிற நேரம் உங்கட முகத்தப் பார்ப்பன். கூடச் சொன்னா முகம் வெளிக்கும். அதுக்காகத்தான் கூட்டிக் கூட்டிச் சொன்னன்" என்றாள்.

அந்த வார்த்தை என்னை வெகுநாள் தூங்கவிடவில்லை. கையில் காசில்லாத அவள், சம்பளக்காரனான எனது மனதைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஆறுதல் கொடுக்கப் போவதாக நினைத்துப் போனேன். உண்மையில் ஒவ்வொரு கிழமையும் ஆறுதல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதன் பின்னர்தான் அவள் சிறிது சிறிதாகப் பேசத் தொடங்கினாள். அவள் சொன்னவற்றையும், பின்னர் இவ்வாறு தொழில் செய்யும் வேறு சிலரிடம் கேட்டறிந்தவற்றையும் இங்கே தொகுத்துச் சொல்கிறேன்.

முதலாவது, வெட்டும் பயம். தையலில் தைப்பதைப் பிரிக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. பிறர் வாங்கிக் கொண்டுவந்த நிதாத் துணியை நிலத்தில் விரித்து, சோக்கால் கோடு கீறி, கத்தரிக்கோலைக் கையில் எடுக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளுமாம். ஒருமுறை ஒரு அபாயாவின் இரண்டு கைகளும் ஒரே பக்கத்துக்கு வெட்டுப்பட்டுவிட்டன. துணியைத் திருப்பி மடிக்க மறந்துவிட்டாள். அதை எவரிடமும் சொல்லவில்லை. மறுநாள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு பஸ் ஏறி நகரத்துக்குப் போய், அதே துணியைத் தேடி நான்கு பிடவைக் கடைகள் ஏறி இறங்கித் தனது காசில் வாங்கி வந்து தைத்துக் கொடுத்தாள். நிறத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்ததாம். வாங்கிச் சென்றவர் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் அந்த அபாயாவை உடுத்துக்கொண்டு தெருவில் போகும்போதெல்லாம் இவள் கடப்புக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். ஒரு தையற் கடையில் நான்கு பேராகச் சேர்ந்து வேலை செய்திருந்தால் இந்தப் பிழை அன்று பின்னேரமே ஒரு சிரிப்பாக முடிந்திருக்கும். பிழையைச் சொல்லிச் சிரிப்பதற்கு ஆளில்லாததால் அது ஒரு வருடம் அவளுடைய நெஞ்சில் கிடந்தது.

இரண்டாவது, விலை சொல்லும் வெட்கம். இது எமது சமூகத்தில் நுணுகி ஆராய வேண்டியது. தைக்கக் கொடுப்பவர்கள் அந்நியர் அல்லர். மாமி, மச்சி, கூடப் படித்தவள், பக்கத்து வளவுக்காரி. அவர்களிடம் 1,200 ரூபா என்று வாய் திறந்து கேட்பதற்கு, துணியை வெட்டுவதற்கு வேண்டியதைவிடக் கூடுதலான துணிவு வேண்டியிருந்தது. "நம்மட ஆள்தானே, பார்த்துச் சொல்லு" என்பார்கள். அவளும் பார்த்துச் சொல்வாள். 700 ரூபாவாகிவிடும். அதிலும் 500 ரூபா அன்று வரும், மிச்சம் பெருநாளுக்குப் பிறகு என்பார்கள். உறவு என்பது உதவிக்கு வர வேண்டிய இடத்தில் கழிவு கேட்க வந்து நின்றது. கொடுத்தால் நட்டம், மறுத்தால் பெருமைக்காரி என்ற பேச்சு. இரண்டு இரவுகள் கண்விழித்துத் தைத்ததற்கு நியாயமான கூலி கேட்ட பிறகு, பிழை செய்தவள் போல மனம் கூசியது என்றாள்.

மூன்றாவது, வீட்டுக்கும் தொழிலுக்கும் நடுவில் கதவில்லாமை. நான் பாடசாலை வாயிலைக் கடந்தால் ஆசிரியர், வீட்டுக் கடப்பைக் கடந்தால் வாப்பா. அவளுக்கு அப்படி ஒரு வாயில் இல்லை. மெஷினில் இருக்கும்போது அடுப்பை எண்ணிக் குற்றவுணர்வு, அடுப்படியில் நிற்கும்போது மெஷினை எண்ணிக் குற்றவுணர்வு. மகன் கணிதம் கேட்டு வந்தால் "பிறகு வா" என்பாள். பிறகு அவன் தூங்கிவிடுவான். ஊராருக்கோ அவள் 'வீட்டில் சும்மா இருக்கிறவள்'. கலியாண வீட்டு வேலைக்கும், நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்கும் முதலில் அழைப்பு அவளுக்குத்தான் வரும்.

நான்காவது, சாட்சி இல்லாமை. நன்றாகத் தைத்த நாளிலும் அதை நன்றென்று சொல்ல எவருமில்லை. எனது வகுப்பறையில் 40 பிள்ளைகள் எனக்குச் சாட்சி, அதிபர் சாட்சி, சம்பளத் தாள் சாட்சி. தனியாகத் தொழில் செய்கிறவரின் நாள், எவரும் கையொப்பமிடாத வரவுப் பதிவேடு போன்றது. வந்தோமா, இருந்தோமா, செய்ததற்கு ஏதும் பொருளுண்டா என்ற ஐயம் மெல்ல மெல்ல ஊறத் தொடங்கும்.

ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் மாஸ்லோவின் தேவைப் படிநிலைகளைப் படித்தோம். 1943இல் அவர் முன்வைத்த அந்தக் கருத்தில் பசியும் பாதுகாப்பும் கீழே, அன்பும் மதிப்பும் மேலே. பரீட்சைக்கு அந்த முக்கோணத்தை அழகாகக் கீறினேன். எனது தங்கையின் மண்டபத்தில் அந்த ஒழுங்கு சரிவரவில்லை. பசியும் மதிப்பும் அங்கே ஒரே நேரத்தில் ஒரே மேசையில் வந்திருந்தன. மதிப்பைக் காப்பதற்காகவே அவள் பசியை மறைத்தாள்.

இனி, கேள்விக்கு வருவோம். இந்த மனப்பாரத்தில் மற்றவர்களுக்குப் பங்கில்லை என்று சொல்வோர் இரு வகையினர்.

முதல் வகையினர், பயம் ஈமானின் குறைவு என்பர். ரிஸ்கை அளப்பவன் அல்லாஹ்வாக இருக்க, அடுத்த கிழமையை நினைத்து நடுங்குவது எதற்கு, தவக்குல் வைத்தால் மனம் அமைதியடையும் என்பர். நானும் மெஷின் வந்த அன்று இதைத்தான் வேறு சொற்களில் சொன்னேன். ஆனால் மூஸா நபியின் தாயைப் பற்றிக் குர்ஆன் சொல்வதை நாம் நிதானித்து நோக்க வேண்டும். குழந்தையை ஆற்றில் விடும்படி அறிவிக்கப்பட்டவர் அவர். குழந்தை திரும்பி வரும் என்ற வாக்குறுதியும் அவருக்குக் கிடைத்திருந்தது. ஆயினும் அவருடைய உள்ளம் வெறுமையாகிப்போனது என்றும், உண்மையை வெளியிட்டுவிடும் நிலைக்கு வந்தார் என்றும் சூரா அல்கஸஸ் கூறுகிறது. அந்த நடுக்கத்துக்காக அவர் கண்டிக்கப்படவில்லை. அவரது உள்ளம் உறுதிப்படுத்தப்பட்டது. அவர் செய்ததென்ன? பின்னால் போய்ப் பார் என்று மகளை அனுப்பினார். வாக்குறுதி பெற்ற தாய்க்கே கரையோரமாகப் பின்தொடர ஒரு ஆள் வேண்டியிருந்தது என்றால், வாக்குறுதி எதுவுமின்றி காப்பை விற்று மெஷின் வாங்கியவளின் நடுக்கத்தை ஈமானின் குறைவென்று சொல்ல நாம் யார்?

மாதச் சம்பளக்காரர்களாகிய நாங்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். துணிவைப் பற்றிய பேச்சு எங்களுக்கு மலிவாகக் கிடைக்கிறது. நான் தங்கைக்குச் சொன்ன 'பயப்படாதே' என்பதன் உள்ளர்த்தம், 'உன்னுடைய பயத்தை எனக்குக் காட்டாதே' என்பதாக இருந்திருக்கிறது. அவள் அதைச் சரியாகவே விளங்கிக்கொண்டாள்.

இரண்டாவது வகையினரின் வாதம் இதைவிட வலிமையானது. பாரத்தைத் தனியே சுமந்தால்தான் தோள் உறுதிப்படும் என்பது அவர்களின் கருத்து. ஒருவர் நிற்க முயலும்போது நாம் போய்ப் பிடித்தால், அவர் நிற்கவில்லை, நாம் நிறுத்தி வைத்திருக்கிறோம். உதவி பழகினால் கை நீட்டவும் பழகும். இந்த வாதத்தை நான் இலேசாக ஒதுக்க மாட்டேன். ஏனெனில், எனது தங்கையே இந்தக் கட்சிதான். கொப்பி பிடிபட்ட பின்னர் மாதாமாதம் ஒரு தொகை தருகிறேன் என்று நான் சொன்னபோது, அவள் மறுத்துவிட்டாள். "காசு தந்தீங்கெண்டா இது என்ட தொழில் இல்ல, உங்கட தர்மம்" என்றாள். அவள் சொன்னது சரி. பாரத்தை வாங்கிக்கொள்வதும் ஒருவகையில் பறிப்புத்தான்.

அப்படியானால், தனியே விடுவதா, தாங்கிப் பிடிப்பதா? இந்த இரண்டுக்கும் நடுவில் வழி உண்டா? இங்கேதான் நாம் சிறு வயதிலிருந்தே குத்பாக்களில் கேட்டுப் பழகிய ஒரு சம்பவம் எனக்குப் புதிதாக விளங்கியது.

நபி (ஸல்) அவர்களிடம் அன்சாரி ஒருவர் யாசகம் கேட்டு வருகிறார். அனஸ் (றழி) அவர்கள் வாயிலாக அபூதாவூத் தொகுப்பில் வரும் செய்தி இது. அறிவிப்புத் தொடர் குறித்து அறிஞர்களிடையே பேச்சு உண்டெனினும் முஸ்லிம் உலகு முழுவதும் எடுத்துச் சொல்லப்பட்டு வருவது. வீட்டில் ஒன்றுமே இல்லையா என்று நபியவர்கள் கேட்கிறார்கள். ஒரு துணியும் தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் உண்டு என்கிறார். அவற்றை வரவழைத்துக் கூட்டத்தில் ஏலம் விடுகிறார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்கிறார். அதைவிடக் கூட்டுபவர் உண்டா என்று திரும்பக் கேட்டு, இரண்டு திர்ஹங்களுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு திர்ஹத்துக்கு வீட்டுக்கு உணவு வாங்கு, மற்றதற்குக் கோடாலி வாங்கி என்னிடம் கொண்டு வா என்கிறார்கள். கோடாலி வந்ததும் தமது கையாலேயே அதற்குப் பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்றுவா, 15 நாட்களுக்கு உன்னை நான் காணக் கூடாது என்று அனுப்புகிறார்கள். அவர் 10 திர்ஹங்களுடன் திரும்பி வருகிறார்.

உழைப்பின் சிறப்பைச் சொல்வதற்காகவே இதனை நாம் எடுத்தாள்கிறோம். யாசகம் இழிவு, உழைப்பு உயர்வு என்ற இடத்தில் நிறுத்திவிடுகிறோம். எனது பத்தாந்தர மாணவர்களும் அந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். ஆனால் இந்தச் சம்பவத்தின் ஒவ்வொரு படியிலும், தொழில் தொடங்குகிறவரின் மனம் கணக்கில் எடுக்கப்பட்டிருப்பதைப் பாருங்கள்.

முதல் திர்ஹம் முதலீட்டுக்குப் போகவில்லை, வயிற்றுக்குப் போயிற்று. கையிலுள்ள மூலதனத்தில் சரிபாதி வீட்டுப் பசிக்கு ஒதுக்கப்பட்டது. பிள்ளை பட்டினி கிடக்கிறதே என்ற எண்ணத்தோடு ஒருவர் கோடாலியை ஓங்கினால் குறி தவறும். என் தங்கை இரண்டு காப்பையும் மெஷினில் போட்டாள். அன்று அருகில் நின்ற நான் அதைத் துணிச்சல் என்று பாராட்டினேன். ஒரு காப்பை வீட்டுக்கு வை என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து, விலை. அந்த மனிதர் தனது பொருளுக்குத் தானே விலை பேச வேண்டியிருக்கவில்லை. முதலில் கேட்ட விலைக்கு ஒப்புக்கொள்ளாமல், மேலும் உண்டா என்று அவருக்காக இன்னொருவர் கேட்டார். வெட்கத்தின் பாதியை வேறொரு நாவு சுமந்தது.

அடுத்து, பிடி. கோடாலி வாங்கத் தெரிந்தவருக்குப் பிடி போடத் தெரியாமலா இருக்கும்? பிடி போட்டதன் பொருள் வேறென்று நினைக்கிறேன். வேலை அவருடையது, காடு அவருடையது, வியர்வை அவருடையது. ஆனால் அவர் பிடித்து ஓங்கும் இடத்தில் இன்னொருவரின் கைப்பாடு இருக்கிறது. ஒவ்வொரு வெட்டிலும் அது அவருடைய உள்ளங்கையில் படும்.

கடைசியாக, 15 நாள். என்னைக் காணாதே என்பது கைவிடுதல் போலத் தோன்றும். ஆனால் அதற்கு ஒரு தவணை இருந்தது. தவணையின் முடிவில் காத்திருக்கும் ஒருவர் இருந்தார். இடையில் எவரும் போய், இன்று எவ்வளவு விறகு என்று கேட்டு அவரைத் தொந்தரவு செய்யவில்லை. நான் செய்தது இதற்கு நேர் எதிர். பிடி போடவில்லை, வெள்ளிக்கிழமைதோறும் விறகை மட்டும் எண்ணினேன்.

ஆகவே நான் வந்தடைந்த முடிவு இது: தனியாகத் தொழில் செய்கிறவரின் முடிவுகளில் நமக்குப் பங்கில்லை, தனிமையில் பங்குண்டு. வெட்டும் கை அவருடையதாகவே இருக்க வேண்டும். வெட்டியது பிழைத்தால் சொல்வதற்கு ஒரு காது அருகில் இருக்க வேண்டும். முதலாவதைப் பறித்தால் அவருடைய கண்ணியம் போகும். இரண்டாவதை மறுத்தால் மனம் உடையும்.

இதை விட்டுவிட்டு 'தனித்து நின்று சாதித்தவர்' என்று ஒருவரைப் போற்றுவதில் ஒரு பொய்யும் கலந்திருக்கிறது. இப்னு கல்தூன் தமது முகத்திமாவில், ஒரு மனிதன் தனது ஒரு நாளைய உணவைக்கூடத் தனியே பெற முடியாது என்று விளக்குகிறார். கோதுமையை அரைக்க வேண்டும், பிசைய வேண்டும், சுட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கருவி வேண்டும், அக்கருவிகளுக்குக் கொல்லனும் தச்சனும் குயவனும் வேண்டும் என்பது அவரது நியாயம். 14ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இந்த உண்மை ஒரு தையல்காரிக்கும் பொருந்தும். நூலை நூற்றவர், துணியை நெய்தவர், மின்சாரம் அனுப்பியவர், தைக்கக் கொடுத்தவர் எனப் பலர் சேர்ந்தே அவளுடைய தொழில் நடக்கிறது. தொழில் ஒருபோதும் தனியானதன்று. தனியாக இருப்பது அதன் இரவு மட்டுந்தான்.

கூட்டாக இருந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. எத்தகைய கூட்டு என்பதையும் கேட்க வேண்டும். பங்களாதேசில் 1976இல் ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு 27 டொலரைக் கடனாகக் கொடுத்துத் தொடங்கிய முஹம்மது யூனுஸின் முயற்சியில் ஐந்து பேர் கொண்ட குழுக்கள் பிறந்தன. ஒருவருக்கொருவர் துணை என்பது எண்ணம். அந்த முறை எமது ஊர்களுக்கு 'குழுக் கடன்' என்ற பெயரில் பலருடைய கைகளின் ஊடாக வந்து சேர்ந்தபோது, துணை பல இடங்களில் காவலாகிவிட்டது. ஒருத்தி தவணை கட்டத் தவறினால் மற்றவர்கள் அவளுடைய கடப்படியில் வந்து நிற்கும் நிலை உண்டாயிற்று. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது. விறகை எண்ணும் கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் அது தோழமையாகாது.

இதற்கு மாறாக, அகமதாபாத்தில் எலா பட் 1972இல் தொடங்கிய 'சேவா' அமைப்பு வீட்டிலிருந்து தைப்பவர்களையும் பீடி சுற்றுபவர்களையும் சேர்த்தது. நீங்கள் வீட்டில் சும்மா இருப்பவர்கள் அல்லர், தொழிலாளிகள் என்று அவர்களுக்கே எடுத்துச் சொன்னது. 1996இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலைப்பாட்டாளர்களுக்கென 177ஆம் இலக்க சமவாயத்தை நிறைவேற்றுவதற்கு அவர்களது குரலும் ஒரு காரணம். பெயரைப் பெறுவதும் ஒரு மூலதனம் என்பதை அவர்கள் விளங்கியிருந்தார்கள். எமது நாட்டில் பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே தொழிற்படையில் இருப்பதாகப் புள்ளிவிபரங்கள் சொல்லும்போதெல்லாம், மண்டபத்து யன்னலோரத்தில் இரவு பன்னிரண்டு மணிக்கு மெஷின் மிதிக்கும் எத்தனை பேர் அந்தக் கணக்கெடுப்பவரிடம் 'வீட்டில் சும்மா இருக்கிறேன்' என்று பதில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பெரிய அமைப்புகள் தொடங்க எனக்கு வலுவில்லை. நான் செய்தது சிறிது. சனிக்கிழமை பின்னேரங்களில் திருத்த வேண்டிய கொப்பிக் கட்டுடன் தங்கை வீட்டு மண்டபத்தில் போய் உட்காருகிறேன். அவள் தைப்பாள், நான் திருத்துவேன். மகனுக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பேன். எவ்வளவு வந்தது என்று கேட்பதில்லை. எனது மனைவி ஒரு மட்டையில் தையற்கூலி விபரத்தை எழுதிச் சுவரில் தொங்கவிட்டாள். இப்போது மாமிமாருக்கு விலை சொல்வது மட்டைதான், தங்கை அல்ல. மோட்டாரைக் கழற்றிவிட்டு மிதிக்கவும் கூடியதாக மெஷினுக்கு ஒரு கால் பூட்டிக் கொடுத்தேன். நான் போட்ட பிடி என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, அவள் திடீரென்று கத்தரிக்கோலைக் கீழே வைத்து, "காக்கா, கழுத்தப் பிழையா வெட்டிட்டன்" என்று சத்தமாகச் சொன்னாள். அடுத்த கணம் அவளே சிரித்தாள். அந்தத் துணிக்குப் பணம் போயிற்று. தவறு தவறுதான். ஆனால் இரண்டு கைகளும் ஒரே பக்கத்துக்கு வெட்டுப்பட்ட கதையை அவள் என்னிடம் முதன்முதலாகச் சொன்னது அன்றுதான்.

எல்லாம் சுபமாயிற்று என்று எழுதினால் நானும் எனது மாணவர்களைப் போலாகிவிடுவேன். தொழில் இன்றும் நடக்கிறது. பெருநாட் காலத்தில் கை ஓயாது, மற்றைய மாதங்களில் கை காயும். வருமானம் குறைந்த மாதங்களில் அவள் இன்னமும் சரியாகத் தூங்குவதில்லை என்பதை அவளுடைய கண்களில் காண்கிறேன். நான் எழுந்து வீட்டுக்கு வந்த பின்னர் வரும் அந்த இரவு அவளுடையது. அதற்குள் என்னால் நுழைய முடியாது. மற்றொருவரின் அச்சத்தை முழுவதாகப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று சொல்பவர் ஒன்றில் ஏமாந்தவர், அல்லது ஏமாற்றுபவர். அந்த அன்சாரித் தோழரும் காட்டில் தனியாகத்தான் விறகு வெட்டியிருப்பார்.

இந்த வருடமும் தரம் 10க்கு அதே தலைப்பைக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் கூட்டினேன். கட்டுரையின் கடைசிக்கு முந்திய பந்தியில், உங்கள் ஊரில் வீட்டிலிருந்து தொழில் செய்யும் ஒருவரைச் சந்தித்து, அவருக்கு எது பயமாக இருக்கிறது என்று கேட்டு எழுத வேண்டும் என்றேன். ஒரு மாணவி இடியப்பம் அவித்து விற்கும் தனது உம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். மூன்று வருடமாகத் தான் தினமும் உம்மாவின் இடியப்பத்தைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாகவும், பயமா என்று உம்மாவிடம் இதுவரை கேட்டதில்லை என்றும், கேட்டபோது உம்மா பதில் சொல்லாமல் தன்னைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார் என்றும் எழுதியிருந்தாள். அதோடு பந்தி முடிந்திருந்தது.

இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. முழுப் புள்ளியும் வழங்கினேன்.